கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தா

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன கொள்ளுத்தாத்தாவைப் பற்றி, டர்பனில் வாழும் பெரியம்மாவை வைத்து ஆவணப்படம் எடுக்கிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: ஒப்பந்த எண்ணில், அதாவது ஒப்பந்தக் கூலி ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவு எண்ணில். பெயரை வைத்துத் தேடினால் திணறுவீர்கள். பட்டியலில் உள்ள பெயர்கள் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியவை. குடும்பத்தின் பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் எண்ணைத் தேடுங்கள். 1860 முதல் 1911 வரையிலான கப்பல் பட்டியல்களில் அந்த எண்ணுக்கு நேரே தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர், உடல் தழும்பு வரை இருக்கும். தழும்பு பற்றிய வரியைக் கேமரா ஓடும்போதே பெரியம்மாவுக்கு முதன்முறையாகப் படித்துக் காட்டுங்கள். ஒத்திகை பார்த்தால் அந்த முகபாவம் மறுபடி வராது.

பெரியம்மாவின் பேச்சைப் பதியும் முன் வீட்டு ஃபிரிட்ஜை அணைத்துவிடுங்கள். அதன் இரைச்சல் பேச்சோடு பதிந்தால், எடிட்டிங்கில் வெட்டிய இடமெல்லாம் காட்டிக்கொடுக்கும். காலர் மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். முடிந்ததும் யாரும் பேசாமல் அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டு தெரியாமல் நிரப்ப அது வேண்டும்.