மறைந்த நகைச்சுவை நடிகர்களின் படங்களில் எதைப் பார்க்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

"நான் 2000க்குப் பிறகு பிறந்தவன். நாகேஷ், தங்கவேலு, சந்திரபாபு என்று வீட்டில் பெரியவர்கள் ஓயாமல் புகழ்கிறார்கள். நான் எந்தப் படத்தில் தொடங்கலாம், எதைத் தொடாமலே விட்டுவிடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தவிர்க்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். "சூப்பர் ஹிட் காமெடி" என்ற பெயரில் யூடியூபில் குவிந்து கிடக்கும் துணுக்குத் தொகுப்புகளைத் தவிருங்கள். ஒரு நடிகர் காலமானால் அன்று மாலையே அவருடைய பத்துக் காட்சிகளை வெட்டி ஒட்டி அஞ்சலி என்று ஓட்டிவிடுகிறார்கள். சிரிப்பு வரும் வசனம் மட்டும் அதில் இருக்கும். அந்த வசனத்துக்காக நடிகர் அரை மணி நேரமாகச் சேர்த்துவைத்த முதலீடு அங்கே இருக்காது. உங்கள் வயதுப் பிள்ளைகள் பலர் "பழைய காமெடிக்கெல்லாம் சிரிப்பே வரவில்லை" என்று சொல்வதற்கு இந்தத் தொகுப்புகள்தான் காரணம் என்பது என் கட்சி.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் படமும் அதுவாகவே இருக்கட்டும். செல்லப்பாவாக வரும் நாகேஷ் தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைத் துணுக்காக ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். அதில் நாகேஷ் வாயாலேயே காற்றும் கதவும் காலடியுமாகச் சத்தம் எழுப்புவார். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் டி.எஸ். பாலையா யார் என்பது படத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அவர் எஸ்டேட் முதலாளி. காசு விஷயத்தில் கறார். பணக்காரச் சம்பந்தம் என்றால் மட்டும் குழைவார். 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று பட நிறுவனம் தொடங்கிவிட்டு முதலுக்கு அலையும் மகனைத் தண்டச்சோறு என்றே முடிவுகட்டிவிட்டவர். அப்படிப்பட்ட மனிதர், அந்த உதவாக்கரை மகன் சொல்லும் கதையில் தன்னை மறந்து, கண் விரிந்து, வாய் கோணி, பட்டப்பகலில் சொந்த வீட்டிலேயே நடுங்குகிறார். அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவின் முகத்தை மட்டும் கவனியுங்கள். அவர் பேசுவது கொஞ்சம்தான்; காட்சியைத் தூக்கி நிறுத்துவது அவர்தான். 1936இல் 'சதி லீலாவதி'யில் வில்லனாக அறிமுகமானவர் அவர். எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். பயமுறுத்தியே பெயர் வாங்கிய ஒரு நடிகர், கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கழித்துப் பயப்பட்டுக் காட்டுகிறார். 1972இல் காலமானார். அவருக்கு அஞ்சலித் தொகுப்புப் போட அப்போது யூடியூப் இல்லை. ஒரு வகையில் நல்லதுதான்.

இன்னொரு எச்சரிக்கை, இது கொஞ்சம் தொழில்நுட்பம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படங்கள் கிட்டத்தட்டச் சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை இன்றைய அகலத் திரைக்கு நிரப்புவதற்காக மேலேயும் கீழேயும் நறுக்கிப் பதிவேற்றிவிடுகிறார்கள். நெற்றி போகிறது, கால் போகிறது. நாகேஷுக்குக் கால் போனால் பாதி நடிப்பு போயிற்று. பக்கவாட்டில் கறுப்புப் பட்டையோடு கிடைக்கும் பிரதியே சரியான பிரதி. படம் சிறிதாகத் தெரிகிறதே என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

நாகேஷ் என்றதும் எல்லோரும் முதலில் கைகாட்டுவது 'சர்வர் சுந்தரம்' (1964). நான் அதை மூன்றாவதாகப் பார்க்கச் சொல்வேன். கே. பாலசந்தர் எழுதி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய படம். முற்பகுதியில் ஓட்டலில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வரும் அந்த உடல் லாகவத்துக்கு ஈடு கிடையாது. பிற்பகுதியில் கண்ணீர் கொஞ்சம் தாராளம். அந்தக் காலத்து மேடை நாடகத்தின் வாசனை. 'அவளுக்கென்ன' பாடலின் தொடக்கத்தில் டி.எம். சௌந்தரராஜனும் எம்.எஸ். விஸ்வநாதனும் ஒலிப்பதிவுக் கூடத்தில் தாங்களாகவே தோன்றுவார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே படத்தை விட முடியாது என்பது வேறு விஷயம். 'நீர்க்குமிழி'யை (1965) இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். மருத்துவமனை, நோய், தத்துவம் என்று பாரம் அதிகம். நாகேஷை ஏற்கெனவே விரும்பத் தொடங்கியவருக்கான படம் அது. 'எதிர்நீச்சல்' (1968) அப்படியல்ல. ஒண்டுக்குடித்தன வீட்டில் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு, எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து படிக்கும் மாதுவைப் பார்த்து, சிரித்துக்கொண்டே தொண்டை அடைக்கும்.

'திருவிளையாடல்' (1965) தருமியை நான் பரிந்துரைக்க வேண்டியதில்லை, எப்படியும் பார்த்துவிடுவீர்கள். சிவாஜி வருவதற்கு முன் கோயிலில் தருமி தனியாகப் புலம்பும் பகுதியை மட்டும் நின்று பாருங்கள். எதிரே ஆள் இல்லை. ஆயிரம் பொற்காசுக்கு ஆசைப்பட்ட ஏழைப் புலவன் தன்னையே திட்டிக்கொள்கிறான், கடவுளிடம் முறையிடுகிறான், அடுத்த நொடியே கணக்குப் போடுகிறான். அந்தக் காட்சியில் ஓர் அடி பிலிம்கூடக் குறைக்க வேண்டாம் என்று சிவாஜியே சொன்னதாகத் திரையுலகில் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அதே ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்துக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். இங்கே நாகேஷ் சவடால் வைத்தி. பல்லிளித்துக்கொண்டே ஒரு பெண்ணைப் பணக்காரர்களிடம் விலைபேசுகிற தரகன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அருவருப்பும் வரும். நகைச்சுவை நடிகர் தன்னைப் பிடிக்காமல் போகச் செய்வது எளிதல்ல. பாலையா தவில்காரர். இவர்களோடு மனோரமா, ஜில் ஜில் ரமாமணியாக. நாதஸ்வரத்தைக் கேட்டு உருகிப்போய், இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று அவர் கேட்கும் இடம் இருக்கிறதே, அதைத் துணுக்காகப் பார்த்தால் வெகுளிப் பெண்ணின் அசட்டுக் கேள்வி. படத்தோடு பார்த்தால், அந்த வித்துவானின் கர்வம் எத்தனை பேரைத் தள்ளி நிறுத்தியிருக்கிறது என்பதும், நாடகக் கம்பெனிப் பெண்ணான ரமாமணி அதைச் சட்டையே செய்யாமல் நேராக அவர் பக்கத்தில் போய் நிற்கிறாள் என்பதும் தெரியும். கதாநாயகி பத்மினி. ஆனாலும் மனோரமா இருக்கும் காட்சிகளில் என் கண் வேறெங்கும் போவதில்லை. 2015 அக்டோபரில் அவர் மறைந்தபோது ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அந்த எண்ணிக்கையைக் கேட்டு மலைக்காதீர்கள். ஆயிரத்தில் பெரும்பகுதி அவரைக் கத்தவும் அழவும் மட்டும் வைத்த படங்கள். இந்த ஒன்றைப் பாருங்கள், பிறகு 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) பாருங்கள். கண்ணம்மாவாக அவர் போடும் சண்டையில் ஒரு நியாயமும் இருக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்தது: 'மகளிர் மட்டும்' (1994). சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். இதில் நாகேஷ் பிணம். உண்மையாகவே பிணம்தான், ஒரு வார்த்தை வசனம் கிடையாது. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் தங்கள் மேலதிகாரி செத்துவிட்டார் என்று நம்பி, மருத்துவமனையிலிருந்து வேறு யாருடைய உடலையோ தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அவரைச் சாய்க்கிறார்கள், நிமிர்த்துகிறார்கள், உட்கார வைக்கிறார்கள். தலை எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம், விழ வேண்டிய நொடியில், உயிரற்ற கனத்தோடு விழுகிறது. கண்ணிமையில் ஓர் அசைவு இல்லை. தமிழ்த் திரையில் அவரைவிட வேகமாக இயங்கிய உடல் கிடையாது. அறுபது வயதில் அந்த உடலை அடியோடு நிறுத்திவைத்துச் சிரிக்க வைத்தார். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகனுக்கு நாகேஷை இந்தப் படத்தில்தான் அறிமுகம் செய்தேன். "பேசவே மாட்டாரா சித்தப்பா?" என்று கேட்டான். பேசும் படங்களை அதற்குப் பிறகு அவனே தேடிப் பார்த்துக்கொண்டான்.

அதே 1994இல் வந்த 'நம்மவர்', நாகேஷுக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. மகளைப் பறிகொடுத்த தந்தையாக வருவார். சிரிக்க நினைத்து உட்கார வேண்டாம். 'தசாவதாரம்' (2008) அவருடைய கடைசிப் படங்களில் ஒன்று. நாகேஷுக்காக என்று அதைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

தங்கவேலுவுக்கு வருகிறேன். 'கல்யாண பரிசு' (1959) முக்கோணக் காதல் சோகம். அதற்கு நடுவே வேலைவெட்டி இல்லாத பைரவனாகத் தங்கவேலு, மனைவியிடமும் மாமனாரிடமும் மன்னார் அண்ட் கம்பெனி, எழுத்தாளர் என்று அவிழ்த்துவிடும் பொய்கள்தான் இன்றைக்கும் வாடாமல் இருப்பவை. மனைவியாக வரும் எம். சரோஜாவைப் பின்னாளில் நிஜமாகவே மணந்துகொண்டார். இதே ஜோடி 'அறிவாளி'யில் (1963) பூரி சுடும் காட்சியில் வருகிறது. அவர் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுக்க, அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் தனக்குத்தான் தெரியுமே என்பார். தங்கவேலு குரலை உயர்த்த மாட்டார்; பொறுமை சொல்லுக்குச் சொல் தேய்ந்துகொண்டே வருவது குரலிலேயே கேட்கும். காதால் மட்டும் கேட்டாலும் சிரிக்கலாம்.

சந்திரபாபுவுக்கு 'சபாஷ் மீனா' (1958) போதும். தூத்துக்குடியில் பிறந்து, சிறுவயதில் கொழும்பில் வளர்ந்தவர், ரிக்‌ஷாக்காரராகச் சென்னைத் தமிழ் பேசுவதைக் கேளுங்கள். பக்கத்தில் சிவாஜி இருந்தும் படம் இவருடையதாகிவிடுகிறது. அவர் பெயரைப் பார்த்து 'கவலை இல்லாத மனிதன்' (1960) பக்கம் போக வேண்டாம், தலைப்புத்தான் சிரிக்கிறது. அவர் இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966) நகைச்சுவைப் படமே அல்ல. அவரை முழுதாகப் புரிந்துகொள்ள ஆசை வந்தபின் பார்க்கலாம்.

துணுக்காகப் பார்க்காதீர்கள் என்ற என் விதிக்கு ஒரு விலக்கு உண்டு: கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். கதையோடு ஒட்டாத தனி நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே எழுதி, தாமே எடுத்து, பிறர் படங்களில் சேர்த்தவர் அவர். எனவே அவரைத் துண்டாகப் பார்ப்பதில் குற்றமில்லை. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்று, 1947இல் விடுதலையாகி வந்த பிறகு நடித்த 'நல்லதம்பி' (1949) அண்ணாவின் எழுத்து. மதுவிலக்குப் பிரச்சாரம் இன்று நீளமாகத் தெரியலாம். அதில் வரும் 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நந்தனார் சரித்திரத்தின் மெட்டிலேயே, தாழ்த்தப்பட்ட சிறுவன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து வருகிற கதையைச் சொல்கிறார். சிதம்பரம் போக ஏங்கியவன் இடத்தில் பள்ளிக்கூடம் போக ஏங்குகிறவன். ஒரு சபையையே சிரிக்க வைத்துக்கொண்டு இதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

கலைவாணர் தொடங்கிவைத்த தனிப்பகுதி முறை பிற்காலத்தில் வெறும் வியாபார வழக்கமாயிற்று. 1990களிலும் 2000களிலும் வந்த பல படங்களில் நகைச்சுவையும் கதையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. விவேக்கின் 'ரன்' (2002) நல்ல உதாரணம். நாயகன் கதை ஒரு பக்கம் ஓட, சென்னைக்கு வந்து ஏமாறும் விவேக் ஒரு பக்கம். அந்தக் காக்கா பிரியாணியைத் தனியாகவே சாப்பிடலாம். அக்காலப் பகுதிகள் பலவற்றில் பெண்களின் நிறத்தையும் பருமனையும் வைத்து அடிக்கும் கேலிகள் இன்று முகம் சுளிக்க வைக்கும். அவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள், பழைய காலம் என்று சப்பைக்கட்டுக் கட்ட வேண்டாம். விவேக்குக்கு எத்தனை தூரம் போக முடிந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் 'வெள்ளைப் பூக்கள்' (2019) பாருங்கள். அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகும் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. நிதானமாக, தாழ்ந்த குரலில், படம் முழுவதும் அவர்தான். இரண்டே ஆண்டில், 2021 ஏப்ரலில் போய்விட்டார். இதை எழுதும்போதுகூட எரிச்சலாக இருக்கிறது.

தேங்காய் சீனிவாசனுக்கு 'தில்லு முல்லு' (1981). நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்ததால் வந்த பட்டப்பெயர் அது, வைத்தவர் தங்கவேலு. ரஜினி படம் என்றுதான் சொல்வார்கள். மீசை இல்லாதவனை நம்பாத அந்த முதலாளி தன் கொள்கைகளில் அத்தனை உறுதியாக இல்லாவிட்டால் ரஜினியின் பொய்க்கு வேலையே இல்லை. 'காசேதான் கடவுளடா' (1972) போலிச் சாமியாரையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் மறைந்த டெல்லி கணேஷுக்கு 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). பாலக்காட்டு மணி ஐயர். நாகேஷும் அதே படத்தில் அவிநாசியாக இருக்கிறார்.

தேடும்போது படப்பெயரோடு ஆண்டையும் சேர்த்தே தேடுங்கள். 'தில்லு முல்லு', 'எதிர்நீச்சல்' இரண்டும் 2013இல் அதே பெயரில் மறுபடியும் வந்துவிட்டன. 'மகளிர் மட்டும்' 2017இல், 'காசேதான் கடவுளடா' 2023இல், 'காதலிக்க நேரமில்லை' 2025இல். பெயரை மட்டும் தட்டினால் பெரும்பாலும் புதியதுதான் முதலில் வந்து நிற்கும். அவற்றில் சில தம்மளவில் நல்ல படங்களே. ஆனால் பாலையாவை அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.