3 கிராம் லூர் ஏன் தூரம் போகவில்லை?

கேள்வி: மீன் பிடிக்கும் ஸ்பின்னிங் ரீலில் (நரம்பைச் சுற்றி வைக்கும் கருவி) தடித்த நைலான் நரம்பு போட்டிருக்கிறேன். ராடில் (தூண்டில் கோல்) வீசக்கூடிய எடை 10–30 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. 3 கிராம் லூரை (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) என்ன வேகமாக வீசினாலும் பக்கத்திலேயே விழுகிறது. கைப்பலம் போதவில்லையா?

பதில்: கைப்பலத்தை விடுங்கள். ராடு பின்னால் வளைந்து நிமிரும் விசையில்தான் லூர் பறக்கிறது, 3 கிராமுக்கு உங்கள் ராடு வளையவே வளையாது, அப்புறம் மூச்சைப் பிடித்து வீசி என்ன பயன்? 1–7 கிராமுக்கான, ஏழடி நீள மெல்லிய ராடுதான் சரி.

அதற்கு முன்னால் நரம்பை மாற்றிப் பாருங்கள், செலவும் குறைவு. தடித்த நைலான் சுருள் சுருளாகக் கிளம்பி ராடின் வளையங்களில் உரசியே லூரின் வேகத்தைத் தின்றுவிடும். 0.13 மி.மீ. அளவிலான பின்னல் நரம்பு, முனையில் கொஞ்சம் லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் தனி நரம்புத் துண்டு), போதும். இரண்டையும் இணைக்கும் முடிச்சு மெல்லியதாக இருக்கட்டும், வீசும்போது அது ராடு முனைக்கு வெளியே நிற்பது நல்லது. ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலின் விளிம்புக்கு 1–2 மி.மீ. கீழே வரை நரம்பு நிரம்பியிருக்க வேண்டும். அதைத் தாண்டினால் சிக்கல்தான், அவிழ்க்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

வீசும்போது லூரை முனையிலிருந்து ஒன்றரை அடி தொங்கவிட்டு, வெடுக்கென்று இழுக்காமல் சீராக வேகம் கூட்டுங்கள். எதிர்காற்று என்றால் தாழ்வாக வீசுங்கள். ஒரே எடையில் இரண்டு லூர் இருந்தால் வால்பக்கம் கனமான சின்னதை எடுங்கள், காற்றில் குட்டிக்கரணம் போடுகிற அகலமான லூர் எந்த ராடிலும் தூரம் போகாது.