டி.எம்.எல்.டி. முடித்த தங்கைக்கு டெல்டாவிலேயே வேலை: எங்கே பார்க்கலாம்?

டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்பு) முடித்த தங்கையைக் கும்பகோணத்தை விட்டுச் சென்னைக்கு வேலைக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உடனே அனுப்ப வேண்டாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை (எம்.ஆர்.பி.) மட்டும் பார்த்துக் காத்திருப்பதுதான் சிக்கலாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் அறிவிப்பு மாநிலம் முழுமைக்கும் எப்போதாவதுதான் வரும். ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஒப்பந்தப் பணியிடங்களை அந்தந்த மாவட்ட நலவாழ்வுச் சங்கமே (அரசின் மாவட்டச் சுகாதார அமைப்பு) நிரப்புகிறது. விளம்பரம் மாவட்ட இணையதளத்தில் வரும், அவகாசம் குறைவு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கின் தளங்களையும் வாராவாரம் பாருங்கள்.

தனியார் பக்கம் நிலைமை மாறிவிட்டது. பெரிய ஆய்வக நிறுவனங்கள் சிற்றூர்களில் மாதிரி சேகரிப்பு மையம் மட்டும் வைத்துக்கொண்டு, பரிசோதனையைப் பெருநகரத்தில் செய்கின்றன. அதனால் இங்கே இரத்தம் எடுக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. கருவியை இயக்கும் வேலை குறைவு. கருவியில் பழக வேண்டுமென்றால் உள்நோயாளிகள் உள்ள மருத்துவமனை ஆய்வகத்தில் சேர்வது நல்லது. முதல் சம்பளத்தைவிட இது முக்கியம், தயவுசெய்து யோசியுங்கள்.

அப்புறம், அறிவிப்பு கேட்கும் தகுதியோடு சான்றிதழை ஒப்பிட்டுப் பாருங்கள். படித்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இல்லையென்றால் அரசு விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக ஒன்று: நலவாழ்வுச் சங்கப் பணி பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம், தொகுப்பூதியம். பிறகு நிரந்தரமாகும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.