பை வைத்த பிறகு வரும் அழற்சி புற்றுநோயாக மாறுமா?

"தம்பிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வருகிற வருத்தம். பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலாலேயே உள்ளே பை செய்து வைத்தார்கள். இப்போது பையில் அழற்சியாம். புற்றுநோயாக மாறுமா?" என்று முல்லைத்தீவிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்.

அக்கா, எனக்கும் இதே சத்திரசிகிச்சைதான். கிளிநொச்சியில் வயல் செய்கிறேன், டொக்டர் இல்லை. கிளினிக்கில் கேட்டு விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன்.

இந்த வருத்தத்துக்குப் பை வைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு தடவையாவது இந்த அழற்சி வரும். பௌச்சைட்டிஸ் என்பார்கள். அடிக்கடி போக வேண்டி வரும், அடக்க முடியாது, வயிறு முறுக்கும், சிலருக்குக் காய்ச்சலும் காயும். டொக்டர் சிப்ரோஃபிளொக்சசினோ மெட்ரோனிடசோலோ இரண்டு கிழமைக்கு எழுதுவார், அனேகம் பேருக்கு அதோடு அடங்கிவிடும். அப்படி வந்து போகிற அழற்சியைப் பார்த்துப் புற்றுநோய் என்று பயப்படாதீர்கள். மருந்துக்கும் மசியாமல் வருடக்கணக்கில் நிற்பதைத்தான் விடக்கூடாது.

புற்றுநோய்க்கு நீங்கள் தேட வேண்டியது வேறொரு கடதாசி. வெட்டி எடுத்த பெருங்குடலைச் சோதித்துக் கொடுத்த பயொப்சி ரிப்போர்ட். அதில் புற்றுநோயோ, அதற்கு முந்திய டிஸ்பிளேசியா என்ற மாற்றமோ எழுதியிருந்தால், பிறகும் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட. பித்தக்குழாய்கள் தடித்துச் சுருங்கும் பி.எஸ்.சி. நோய் இருந்தாலும் கவனம் வேண்டும். இவை ஒன்றும் இல்லாதவர்களுக்கு முதல் பத்து வருடத்தில் புற்றுநோய் வருவது நூறில் ஒருவருக்கும் குறைவு. எங்கள் பக்கத்தில் 2009 யுத்தத்தில் கடதாசி எல்லாவற்றையும் தொலைத்த ஆட்கள் எத்தனையோ பேர். ரிப்போர்ட் கையில் இல்லையென்றால், சத்திரசிகிச்சை செய்த ஆஸ்பத்திரியில் பிரதி கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் கிளினிக்கில் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதற்கேற்ற மாதிரிப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, புற்றுநோய் வந்தாலும் அனேகமாகப் பையின் நடுவில் வருவதில்லை. பையை ஆசனவாயோடு ஸ்டேப்ளரால் பொருத்தும்போது ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் பழைய மலக்குடல் சவ்வு மிஞ்சும். பழைய வருத்தம் அந்த விளிம்பிலேயே திரும்ப வரலாம். அதைக் கஃபைட்டிஸ் என்பார்கள். இரத்தம் போனால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பார்கள், ஆசனவாயில் வைக்கிற மெசலசீன் மருந்து கொடுப்பார்கள். ஆகவே கமரா விட்டுப் பார்க்கும்போது அந்த விளிம்பிலும் சோதிக்கச் சதை எடுப்பார்களா என்று கேளுங்கள். கூச்சப்படவே வேண்டாம், அது உங்கள் தம்பியின் உடம்பு. ரிப்போர்ட்டில் மாற்றம் இருந்தவர்கள், பி.எஸ்.சி. உள்ளவர்கள், அழற்சி தீராதவர்கள் வருடா வருடம் கமரா பார்க்க வேண்டும். மற்றவர்களுக்குச் சில வருட இடைவெளி போதும். சுகமாக இருக்கிறேன் என்று பஸ் செலவையும் வேலை நாளையும் பார்த்து அந்தத் திகதியை விடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு மனம் பதறுகிறது.

வேலை செய்து மூட்டு நோகுதென்று பாமசியில் டைக்குளோபெனாக், ஐபுபுரோபன் வாங்கிப் போடவும் விடாதீர்கள், அவை பை அழற்சியைக் கிளப்பும். பனடோல் போதும். பெருங்குடல் இல்லாததால் வெயிலில் உப்பும் தண்ணீரும் கெதியாக இறங்கும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூள் வீட்டில் இருக்கட்டும்.

இரத்தம் போனாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ, இரத்தச்சோகை என்று சொன்னாலோ, அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் கிடைத்தால் அதில் என்ன இருக்கிறதென்று எழுதுங்கள் அக்கா, டொக்டரிடம் எதைக் கேட்க வேண்டுமென்று சேர்ந்து பார்ப்போம்.