வாசகர் கேள்வி: ஆர்ர மகன் இவன்?

கேள்வி: ஊர் ஊராகத் தனியே திரியும் அதிரடி நாயகன் ஏன் இவ்வளவு பிடித்துப்போகிறான்? மட்டக்களப்பில் அப்படியொருவனை இறக்கித் தொடர்கதை எழுதினேன். இரண்டாம் அத்தியாயத்திலேயே நம்ப ஏலாது என்று கூட்டாளிமார் சிரிக்கிறார்கள்.
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: சிரிப்பில் நியாயம் இருக்கிறது. இங்கே புதுமுகம் ஒன்று கடை வாங்கில் குந்தினால், பிளேன்ரி வருமுன்னே "தம்பி எந்த ஊர், ஆர்ர மகன்?" என்று கேட்டுவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் பழகினால் என்ன குடி, அதாவது எந்தத் தாய்வழி வம்சம், என்பதுவரை போகும். இதற்கெல்லாம் பதில் சொல்லத் தேவையில்லாத ஒருவனாக நாலு மணித்தியாலம் இருந்து பார்க்கும் ஆசைதான் இந்தக் கதைகளின் பிடி. ஆங்கிலத் திகில் நாவலாசிரியர் லீ சைல்டின் நாயகன் ஜாக் ரீச்சர் மடிக்கும் பல்தூரிகையோடும் வங்கி அட்டையோடும் திரிகிறான். உடுப்பைத் தோய்ப்பதில்லை, மலிவாக வாங்கி, சில நாளில் எறிந்துவிடுவான். தங்கச்சிக்குச் சீதன வீடு கட்டும் கவலை அவனுக்கு இல்லை.

ஆகவே அந்தக் கேள்வியை ஒளிக்காதீர்கள், அதையே முதல் மோதலாக்குங்கள். அவன் மழுப்பினால் ஊர் சந்தேகப்படும், சந்தேகம் வில்லன் காதுக்கு எட்டும். இறக்குவதற்கு ரயில் வசதி: தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது, அதற்கப்பால் ரயிலில் போக வழியில்லை. விடுதியில் அடையாள அட்டை கேட்பார்கள், அதற்கும் ஒரு வழி வையுங்கள். கதையைப் போர்க்காலத்தில் வைத்துவிடாதீர்கள். அட்டையில்லாமல் சோதனைச்சாவடி தாண்ட முடியாத காலத்தில் கவலையற்ற நாடோடி ஏது?

கதையில் தற்செயல் ஒன்றுதான் வரலாம், அதுவும் முன்பாதியில். 1997இல் வந்த ரீச்சரின் முதல் நாவலில், சும்மா இறங்கிய ஊரில் கொலையுண்டு கிடப்பது அவனுடைய சொந்த அண்ணன். அதை வைத்துத்தான் மீதிக் கதை ஓடுகிறது என்பதால் வாசகர் பொறுத்துக்கொள்கிறார். கடைசி அத்தியாயத்தில் வில்லனைப் பிடிக்க அதே மாதிரி ஒன்று வந்தால் புத்தகம் மூலைக்குப் போகும்.

சண்டையில் பலரும் சறுக்குவது அடியை நீட்டி எழுதுவதில்தான். அடிக்கு இரண்டு வரி போதும். அதற்கு முன் அவன் போடும் கணக்குக்கு ஒரு பக்கம் கொடுங்கள். எதிரே எத்தனை பேர், யார் தலைவன், யார் சும்மா கூட வந்தவன், வெளிச்சம் எந்தப் பக்கம், காலடியில் என்ன? கல்லடிக் கடற்கரை மணலில் கால் புதையும், பறந்து உதைக்க ஏலாது. கிட்டப்போய் முழங்கையால்தான் அடிக்க வேண்டும்.

கேள்வி: அவனுக்குக் கலியாணம் செய்துவைக்கலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: செய்துவைத்தால் அடுத்த நாளே ஆர்ர மருமகன் ஆகிவிடுவான், தொடர் முடிந்தது. காதல் வரட்டும். ஆனால் அவளுக்கும் விட்டுப்போக முடியாத சொந்த வேலை ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் ஏமாற்றுக்காரனாகத் தெரிவான். கடைசியில் அவனைப் பொத்துவில் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். பஸ் போனபிறகு அரைப் பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம்.