டவுன்டன் அபேயில் மேத்யூவைக் கொன்றே ஆக வேண்டுமா?

பிரிட்டிஷ் டிவி தொடரான ‘டவுன்டன் அபே’யில், பிள்ளை பிறந்த அன்றே மேத்யூவைக் கார் விபத்தில் சாகடித்தது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான்.

மேத்யூவாக நடித்த டான் ஸ்டீவன்ஸ் 3 சீசனோடு விலகிவிட்டார். பிரபு வீட்டு மூத்த மகள் மேரியைக் கட்டிக்கொள்ள அவன் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், அவளை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான் என்றால் நம்புவார்களா? அதனால்தான் சாவு. 2012 கிறிஸ்துமஸ் அன்று ஒளிபரப்பியதுதான் கொடுமை!

இன்னொரு கணக்கும் உண்டு. பிரபுவின் பட்டமும் சொத்தும் ஆண் வாரிசுக்கே. 1912-ல் டைட்டானிக்கில் வாரிசுகள் இறந்ததால்தான் தூரத்துச் சொந்தமான மேத்யூ உள்ளே வந்தான். ஆக, மகன் ஜார்ஜ் பிறந்த பிறகே மேத்யூவை அனுப்ப முடியும்.

என் அண்ணிக்கு மேரியின் தங்கை சிபிலின் சாவுதான் இன்னும் ஆறவில்லை. கால் வீங்கியிருப்பதைப் பார்த்து ஊர் டாக்டர் கிளார்க்சன் பதறுவார். வெளியிலிருந்து வந்த பெரிய டாக்டர் தட்டிக்கழிப்பார். பிரசவம் முடிந்து, எல்லாரும் நிம்மதியாகப் படுத்த பிறகு வலிப்பு வரும். அது கதைக்குள்ளிருந்தே வந்த சாவு. மேத்யூவுடையது ஒட்டவைத்தது.

அப்புறம், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அண்ணி அண்ணனை அதட்டுவார்: “மேத்யூ மாதிரி சிரிச்சுக்கிட்டே ஓட்டாதீங்க!”