கால்குலஸுக்குப் பிள்ளை தயாரா? கேள்வி பதில்

கேள்வி: பையன் பத்தாம் வகுப்புக் கணக்கில் 95 வாங்கியிருக்கிறான் சார். ப்ளஸ் ஒன் தொடங்கும் முன்பே கால்குலஸ் டியூஷனில் சேர்த்துவிடலாமா?

பதில்: மார்க்கை வைத்து முடிவு செய்யாதீர்கள் அம்மா. ஒரு தாளைக் கொடுத்து, 1/(எக்ஸ்+ஹெச்) என்பதிலிருந்து 1/எக்ஸைக் கழித்து, வருவதை ஹெச்சால் வகுக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். எல்சிஎம் எடுப்பது பெரும்பாலும் வந்துவிடும், அதற்கப்புறம் மேலே எக்ஸ் − (எக்ஸ்+ஹெச்) என்று வரும் இடத்தில் அடைப்புக்குறியை விட்டுவிட்டு எக்ஸ் − எக்ஸ் + ஹெச் என்று எழுதுகிறானா என்பதுதான் முக்கியம். அங்கே குறி தப்பினால் அவனுக்கு இப்போது வேண்டியது கால்குலஸ் இல்லை, ஒரு மாதம் இயற்கணிதம். என்னிடம் வந்து கால்குலஸ் புரியவில்லை என்று அழுத பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுந்தது இந்த மாதிரி இடத்தில்தான்.

கேள்வி: வகையிடல் சூத்திரம் எல்லாம் மனப்பாடம் அண்ணா. அது போதாதா?

பதில்: போதாது தம்பி. வகையிடல் என்பது ஒரு அளவு எந்த வேகத்தில் மாறுகிறது என்று கண்டுபிடிப்பது. எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டால் 2எக்ஸ், 3 போட்டால் 6, சரி. அந்த 6 எதைச் சொல்கிறது? 3.1ஐ வர்க்கப்படுத்து, 9.61. அதில் 9ஐக் கழித்து 0.1ஆல் வகு, 6.1 வரும். 3.01 வைத்துச் செய், இந்த முறை 0.01ஆல் வகு, 6.01. இது ஏன் 6ஐ நெருங்குகிறது என்று ஒரு வரைபடம் போட்டு உன் தங்கைக்குச் சொல்லிக் காட்ட முடிந்தால் நீ தயார்.

கேள்வி: முக்கோணவியல் பலவீனம். அதைத் தள்ளி வைக்கலாமா?

பதில்: கூடாது. குறிப்பாக ரேடியன், அதாவது வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்துக் கோணத்தை அளக்கும் முறை. சைன் எக்ஸை எக்ஸால் வகுத்து, எக்ஸைப் பூஜ்ஜியத்துக்கு நெருக்கினால் 1 வருவது ரேடியனில் மட்டுமே. டிகிரியில் சுமார் 0.01745தான் வரும்.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு இப்போதே தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். வரைபடம் நிறைய வரையட்டும், பின்னங்களில் கை ஓடட்டும்.

கேள்வி: ப்ளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில் கால்குலஸ் இரண்டாம் தொகுதியில்தானே வருகிறது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாமே?

பதில்: இயற்பியல் அதுவரை காத்திருக்காது. நம் மாநிலப் பாடத்தில் இயக்கவியல் இரண்டாவது அலகு, திசைவேகத்தை அங்கேயே வகைக்கெழுவாக, அதாவது வகையிட்டு வரும் விடையாக, எழுதிவிடுவார்கள். அதனால் பள்ளி திறக்கும் முன் சாய்வு, சார்பு இரண்டையும் ஒருமுறை உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரு மாலை போதும்.